குளிரும் ஜீவராசிகளும்

ரொறன்ரோ நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் 1840ஆம் ஆண்டு தொட்டு இயங்கிய காந்த, வானிலை ஆய்வு நிலையம் நாள் தவறாமல் குறித்துவைத்த நெடிய பதிவேட்டில், 1859ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதிக்கு நேராக, இன்றைய செல்சியஸ் அளவில் சொன்னால் பூஜ்யத்திற்குக் கீழ் 32.8 பாகை என்னும் குளிர் பதிவாகியிருக்கிறது. அந்நகரின் மையப்பகுதி அதற்கு மிஞ்சிய குளிரை அதன்பின் கண்டதில்லை. அத்தகைய கடுங்குளிர் காலங்களைத் தாங்கி நின்றே இந்நாட்டு மேப்பிளும் பிர்ச்சும் ஓக்கும் ஆண்டுதோறும் வசந்தத்தில் தளிர் விடுகின்றன. அதே நகரின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கிய வாழைச் சீப்போ, உறைநிலைக்கு மேலே பத்துப் பாகையில் சில நாள் கிடந்தாலே தோல் மங்கி, முறையாகப் பழுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஒன்றுக்கு நாசகாலமாகும் குளிர் மற்றொன்றுக்கு வேனில் இரவின் இதமாக இருப்பதன் காரணத்தை ஆராயப் புகும்போது, குளிர் செய்யும் கேடு வெப்பமானி காட்டும் எண்ணைக் காட்டிலும், அந்த உயிர் எந்தத் தேசத்தில் தன் இயல்பைப் பெற்றது, எந்தப் பருவத்தில், என்ன ஆயத்தத்தோடு குளிரை எதிர்கொள்கிறது என்பவற்றையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது புலப்படும். வெப்ப தேசத்திலிருந்து குளிர் தேசத்திற்குக் குடிபெயர்ந்தும், பழைய தேசத்துச் செடிகொடிகளையும் காய்கனிகளையும் விட்டுப் பிரிய மனமில்லாது வாழும் தமிழ் மக்களுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் விஷயமன்று. அடுக்களையிலும் கொல்லைப்புறத்திலும் அன்றாடம் வேண்டப்படும் அறிவாகும்.

குளிரால் விளையும் கேட்டைத் தாவர சாஸ்திரிகள் இரு வகையாகப் பிரிக்கின்றனர். உடலில் உள்ள நீர் பனிக்கட்டியாக உறைவதால் வருவது ஒன்று. உறைதல் என்பது சிறிதும் நிகழாமல், வெறும் குளுமையினால் மாத்திரமே வருவது மற்றொன்று. முன்னதை உறைவுக் கேடு என்றும் பின்னதைக் குளிர்க் கேடு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். ஜெர்மானியத் தாவர அறிஞர் யூலியுஸ் சாக்ஸ், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புகையிலை, பூசணி ஆகிய செடிகளின் வேர் பதிந்த மண்ணை உறைநிலைக்குச் சில பாகை மேலே இருக்கும்படி குளிர்வித்தபோது, மண்ணில் ஈரம் நிறைந்திருந்தும் இலைகள் தாகத்தால் வாடுவனபோல் துவண்டு விழுவதைக் கண்டார். மண்ணைச் சூடாக்கியதும் அவை நிமிர்ந்தன. வேர்கள் குளிரில் நீரை உறிஞ்சும் தொழிலை நிறுத்திவிட்டன என்பதே அதன் பொருள். பின்னர் 1897இல் ஹான்ஸ் மோலிஷ், தாவரங்கள் உறைந்து மடிவதைக் குறித்து எழுதிய நூலில், இவ்விரு கேடுகளும் வெவ்வேறானவை என்பதை நிலைநாட்டினார். முதிய பிராயத்தில் கல்கத்தாவுக்கு வந்து ஜகதீச சந்திர போஸ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சில காலம் பணிபுரிந்தவர் அவர். ஆகையால் அவர் பெயர் இந்தியர்க்கு முற்றும் அந்நியமானதன்று.

குளிர்க் கேட்டை நேரில் காண விரும்புவோர்க்கு வாழைப்பழத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. மத்திய அமெரிக்காவிலும் ஈக்வடோரிலும் கொலம்பியாவிலும் பச்சைக் காயாக வெட்டப்படும் வாழைக்குலைகள், கப்பலிலும் லாரியிலும் 13, 14 பாகை என்னும் மிகக் குறுகிய வரம்புக்குள்ளேயே வைத்துக் காக்கப்பட்டு, எத்திலீன் வாயு செலுத்திய அறைகளில் பழுக்கவைக்கப்பட்ட பின்னரே கடைக்கு வருகின்றன. 1954 முதல் ரொறன்ரோவின் மேற்குப் பகுதியில் இயங்கிவரும் ஒன்ராறியோ உணவு முனையம் என்னும் பெரும் மொத்தச் சந்தையில் ஜனவரி மாத விடியற்காலையில் சரக்கு இறக்குவோருக்கு, கோடையில் குளிரூட்டுவதற்கென்று அமைந்த அதே லாரிப் பெட்டி இப்போது உள்ளே சூடு காட்டி வந்திருக்கிறது என்பதும், அதன் கதவைத் திறந்துபோட்டுப் பேசிக்கொண்டு நிற்கலாகாது என்பதும் நன்கு தெரியும். குளிர் பட்ட காய் அப்போதைக்கு எந்தக் குறையையும் காட்டாது. ஆனால் அதன் பச்சைத் தோலின் மேற்படலத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்த்தால், உள்ளே நெடுக ஓடும் நரம்புகள் துருப்பிடித்த கம்பிகள்போலப் பழுப்பேறியிருப்பது தெரியும். காம்பை வெட்டினால் வழக்கமாகச் சுரந்து சொட்டும் பால், தயங்கித் தயங்கி மெலிந்து கசியும். பிறகு அது பழுக்கையில் பொன்னிறம் கூடாது. சாம்பல் பூசினாற்போன்ற மங்கிய மஞ்சளே தோன்றும். வாசனை குன்றும், கேடு மிகுந்திருந்தால் நடுத்தண்டு இளகாமல் கட்டியாகவே நின்றுவிடும். திரினிடாடில் இயங்கிய வெப்பமண்டல விவசாயக் கல்லூரியின் குளிர்நிலை ஆராய்ச்சிக் கூடத்தில் ஸி. டபிள்யூ. வார்ட்லா முதலியோர் 1920களின் இறுதியிலிருந்து வாழையையும் பிற வெப்பதேசக் கனிகளையும் பல்வேறு குளிர் அளவுகளில் வைத்துப் பார்த்துச் சேர்த்த அறிவின் மேல்தான் இன்றைய கனி வாணிகம் நிற்கிறது.

உறையாத நீர் உயிரணுவை ஏன் கொல்ல வேண்டும்? இவ்வினாவுக்கு விடை, உயிரணுவைச் சூழ்ந்தும் அதன் உட்பகுதிகளைப் பிரித்தும் நிற்கும் மெல்லிய சவ்வுகளில் இருக்கிறது. இச்சவ்வுகள் பெரும்பாலும் கொழுப்புப் பொருளாலானவை. ரொறன்ரோவில் குளிர்காலத்துச் சமையலறையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் நல்லெண்ணெய்ப் போத்தலும் அருகருகே இருக்க, முன்னது வெள்ளை மெழுகாக இறுகியிருப்பதையும் பின்னது திரவமாகவே இருப்பதையும் நம் இல்லத்தரசிகள் அறிவர். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. வெப்ப தேசத் தாவரங்களின் சவ்வுகளிலும் ஏறத்தாழ இந்த நியாயமே செல்லுபடியாகிறது. வெயிலுக்கு இசையுமாறு அமைந்த அவற்றின் கொழுப்பு, 10 அல்லது 12 பாகைக்குக் கீழே நெகிழ்ச்சியை இழந்து இறுகத் தலைப்படுகிறது. இறுகிய சவ்வில் பதிந்திருக்கும் நொதிகள் தம் தொழிலைச் சரிவரச் செய்வதில்லை. சவ்வில் கசிவு உண்டாகிறது. ஒன்றையொன்று தீண்டாதபடி தனித்தனி அறைகளில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பொருள்கள் ஒன்று கலக்கின்றன. வாழைத்தோலின் பீனால்களும் அவற்றைப் பழுப்பாக்கும் நொதியும் இவ்வாறு சந்திப்பதே நாம் கண்ட பழுப்பு நிறத்துக்கு ஹேது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேம்ஸ் லயன்ஸும் ஜான் ரெய்சனும் முன்வைத்த இக்கொள்கையை, 1992இல் ஜப்பானிய விஞ்ஞானி நோரியோ முராட்டாவின் குழு ஒரு நேர்த்தியான பரிசோதனையால் வலுப்படுத்தியது. குளிர் தாங்காத பூசணியினத்துச் செடியொன்றின் ஜீனையும், குளிர் தாங்கும் சிறு கடுகினச் செடியொன்றின் ஜீனையும் தனித்தனியே புகையிலைக்குள் செலுத்தியபோது, சவ்வுக் கொழுப்பின் தன்மை மாறி, முதற்புகையிலை குளிருக்கு மேலும் அஞ்சுவதாகவும் இரண்டாவது மேலும் துணிவதாகவும் ஆயின. சவ்வின் கொழுப்பு ஒன்றே முழுக் காரணம் என்று இன்று யாரும் சாதிப்பதில்லை; ஆயினும் அடிப்படை அங்கேதான் உள்ளது.

இக்கேட்டின் வஞ்சகமான குணம் ஒன்று உண்டு. அது குளிரில் இருக்கும்போது மறைந்திருந்து, வெப்பத்திற்குத் திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஐந்து நாள் இருந்த கத்தரிக்காய் எடுத்த கணத்தில் பளபளப்பாகவே தோன்றும். மறுநாள் மேசையில் குழிகள் விழுந்து, அறுத்தால் விதைகள் கறுத்திருக்கும். வெண்டைக்காய் 7 பாகைக்குக் கீழே புள்ளி விழுந்து பிசுபிசுக்கிறது. மாம்பழம் காயாக இருக்கையில் 10 பாகைக்குக் கீழே பட்டால் தோலில் சாம்பல் நிறத் தழும்பும், உள்ளே ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் காய்த்த சதையுமாக, மணமற்றுப் போகிறது. மெக்சிக்கோ மாம்பழத்தில் ருசியில்லை என்று நம்மவர் சொல்லும் குறைக்கு மரத்தின் சாதி ஒரு காரணமெனில், வழியில் பட்ட குளிரும், வீட்டுக்கு வந்தபின் காயாகவே குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளும் நம் அவசரமும் பிற காரணங்கள் என்பது என் துணிபு. தக்காளி அங்கே மணத்தை இழக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு 12 பாகைக்குக் கீழே உள்ளிறுகி, எத்தனை வேகவைத்தாலும் நடுவில் கட்டை தட்டுகிறது. ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்த உருளைக்கிழங்குக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 4 பாகையளவில் அதன் மாச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கி, பொரிக்கையில் கருகுகிறது. ஆப்பிள் குளிர் தேசத்துக் கனியாதலால் பூஜ்யத்தின் அருகேயே மாதக்கணக்கில் சுகமாக உறங்கும். அதிலும் விலக்குண்டு: 1811ஐ ஒட்டி ஒன்ராறியோவின் டன்டேலாவில் ஜான் மக்கின்டாஷ் என்னும் குடியானவர் கண்டெடுத்துத் தம் பெயரை ஈந்த மக்கின்டாஷ் ஆப்பிள், பூஜ்யப் பாகையில் நெடுநாள் வைத்தால் நடுவில் பழுப்பேறுமாகையால், மூன்று பாகையளவில் வைக்கப்படுகிறது. ஒரே இனத்துக்குள்ளும் பிரகிருதி வேறுபடும் என்பதற்கு இது சான்று.

இனி உறைவுக் கேட்டிற்கு வருவோம். உறையும் நீர் விரிந்து உயிரணுக்களை வெடிக்கச் செய்கிறது என்பது பள்ளிப் பிராயத்திலிருந்தே பலர் மனத்தில் வேரூன்றிய எண்ணம். தாவரத்தினுள் பெரும்பாலும் நிகழ்வது அதற்கு எதிரிடையானது. உயிரணுக்களுக்கு வெளியே, சுவர்களிலும் இடைவெளிகளிலும் உள்ள நீரில் உப்பும் சர்க்கரையும் குறைவாதலால் அதுவே முதலில் உறைகிறது. பனிக்கட்டி உண்டான இடத்தில் நீரின் ஆவியழுத்தம் தாழ்ந்துவிடுவதால், உயிரணுவின் உள்ளிருக்கும் நீர் சவ்வின் வழியே வெளியேறி அப்பனிக்கட்டியோடு சேர்கிறது. பனிக்கட்டி வளர வளர உயிரணு வற்றிச் சுருங்குகிறது. ஆகவே உறைபனியில் மடியும் இலை, உண்மையில் நீரின்றி வறண்டே மடிகிறது. பாலைவனத்தில் வாடும் செடியின் துன்பத்திற்கும் ரொறன்ரோவின் அக்டோபர் இரவில் வாடும் செடியின் துன்பத்திற்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். அக்டோபரின் முதல் உறைபனிக்கு மறுநாட் காலை, வீட்டு வாசலில் விடப்பட்ட துளசியையோ மிளகாய்ச் செடியையோ நோக்கினால், இலைகள் வேகவைத்த கீரைபோல் கரும்பச்சையாய்க் கண்ணாடித்தன்மை அடைந்து தொங்குவதைக் காணலாம். வெயில் ஏறியதும் பனிக்கட்டி உருகுகிறது. ஆனால் சிதைந்த சவ்வு அந்த நீரைத் திரும்ப ஏற்க இயலாமையால் அது சொட்டாக வழிந்து, நண்பகலுக்குள் இலை கறுத்துக் காய்ந்துவிடுகிறது. உயிரணுவின் உள்ளேயே பனிக்கட்டி உண்டாகுமானால் மரணம் நிச்சயம். அது பெரும்பாலும் குளிர் மிக வேகமாக இறங்கும்போதே நிகழ்கிறது.

தூய நீர் பூஜ்யப் பாகையில் உறைந்தே தீரும் என்பதும் சரியன்று. உறைவதற்கு ஒரு வித்து வேண்டும். அது இல்லாவிடில் நீர் பல பாகை கீழிறங்கியும் திரவமாகவே நிற்கும். இலைகளின்மேல் வாழும் சூடோமோனஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா தன் மேற்பரப்பிலுள்ள புரதத்தால் இந்த வித்தாகிவிடுகிறது என்பதையும், அதுவே பூஜ்யத்திற்கு இரண்டு பாகை கீழேயே உறைபனி பிடிக்கக் காரணமாகிறது என்பதையும் ஸ்டீவன் லிண்டோவும் பிறரும் 1970களில் தொடங்கிய ஆராய்ச்சியால் நிறுவினர். அப்புரதத்தை உண்டாக்கும் ஜீன் நீக்கப்பட்ட பாக்டீரியாவைத் தெளித்துப் பயிரைக் காக்க முடியுமா என்று 1987இல் கலிபோர்னியாவில் பரிசோதனை செய்தபோது, ஜீன் மாற்றிய நுண்ணுயிரை வயல்வெளியில் விடுவது முறையா என்ற பெரும் விவாதம் எழுந்து, அம்முயற்சி வாணிக நிலையை எட்டாமற் போயிற்று.

அப்படியாயின் மேப்பிளும் பிர்ச்சும் பிழைப்பது எங்ஙனம்? அவை குளிர் வந்தபின் போராடுவதில்லை, வருமுன்னரே சன்னத்தமாகின்றன. ஆகஸ்டு மாதம் வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கையிலேயே பகற்பொழுது குறுகுவதை இலைகள் உணர்ந்து, வளர்ச்சியை நிறுத்தும் சமிக்ஞையை அனுப்புகின்றன. முதற்கட்டத் தாங்குசக்தி அதனால் உண்டாகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உறைநிலையை ஒட்டிய இரவுகள் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைக்கின்றன: மாச்சத்து சர்க்கரையாகிறது, சவ்வுகளில் நிறைவுறாக் கொழுப்பு மிகுகிறது, வறட்சியிலும் சிதையாத புரதங்கள் சேர்கின்றன, திசுக்களில் நீர் குறைகிறது. ஜூலையில் பூஜ்யத்திற்கு மூன்று பாகை கீழே இறங்கினால் மடிந்துவிடக்கூடிய அதே கிளை ஜனவரியில் முப்பது பாகை கீழே சென்றும் உயிரோடிருப்பது இந்த ஆயத்தத்தின் பலனாகும். ஓக், எல்ம், பீச், ஆப்பிள் முதலிய மரங்களின் கட்டையிலுள்ள உயிரணுக்கள் வேறொரு உபாயத்தையும் கையாள்கின்றன. அவற்றின் உள்நீர் வித்தின்றிப் பூஜ்யத்திற்கு நாற்பது பாகை கீழே வரையிலும் திரவமாக நிற்கிறது. நாற்பதைத் தாண்டினால் நீர் வித்தில்லாமலே உறைந்துவிடும் என்பது பௌதிக நியதி. ஆகையால் அத்தகைய மரங்கள் அக்குளிர் வழக்கமாக வரும் வடகோடிக் காடுகளில் காணப்படுவதில்லை. அங்கே நிற்பவை, நீரைச் சிறிது சிறிதாக வெளியே விட்டு வறட்சியைத் தாங்கக் கற்ற பிர்ச்சும் வில்லோவும் ஆஸ்பென்னும் ஆகும். ஹொக்கைடோவின் அகிரா சாகாய், முறைப்படி மெல்லக் குளிர்வித்த வில்லோ முதலியவற்றின் சிறுகிளைகளைத் திரவ நைட்ரஜனின் 196 பாகைக் கீழ்நிலையில் அமிழ்த்தி எடுத்தும் அவை பிழைத்ததை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். பூமியின் எந்தக் குளிர்காலமும் அதன் அருகில்கூட வராது.

ஆயத்தமே உயிர் காக்கிறது என்றால், ஆயத்தம் கலைந்திருக்கும் நேரத்தில் வரும் சிறுகுளிரும் பெருநாசம் செய்யும் அல்லவா? ஒன்ராறியோவின் கனித் தோட்டக்காரர்கள் அஞ்சுவது இதற்குத்தான். நடுக்குளிர்காலத்தில் முப்பது பாகைக் கீழ்க் குளிரைத் தாங்கிய ஆப்பிள் மொட்டு, பூவாக மலர்ந்த வேளையில் பூஜ்யத்திற்கு 2.2 பாகை கீழே அரைமணி நேரம் பட்டால் பத்தில் ஒன்று மடிகிறது, 3.9 பாகை கீழே இறங்கினால் பத்தில் ஒன்பது மடிகிறது. 2012ஆம் ஆண்டு மார்ச் நடுவில் ரொறன்ரோவில் கோடைபோல் இருபது பாகைக்கு மேல் வெப்பம் ஏறி, மக்கள் மகிழ்ச்சியோடு வீதிகளில் உலாவியபோது, நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திக்கொண்டு மலர்ந்தன. ஏப்ரல் இறுதியில் தெளிந்த வானமும் காற்றற்ற நிலையுமாக வந்த உறைபனி இரவுகள் அம்மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோயின. அந்த இரவுகளின் குளிர் ஒரு சாதாரண ஜனவரி இரவின் குளிரைக்கூட எட்டவில்லை. அழிவை உண்டாக்கியது மார்ச்சின் வெப்பமே என்று சொன்னாலும் பிழையாகாது. அதை அக்காலத்தில் ஒரு வரமெனக் கொண்டாடியதை நினைக்கையில் மனம் வருந்துகிறது. பூமி வெப்பமடைந்து வருவதால் உறைபனிக் கேடு தானாகவே ஒழிந்துவிடும் என்று கருதுவோர் 2012ஆம் ஆண்டின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும்.

அளவு கடந்த குளிரே நேராக மரங்களைக் கொன்ற ஆண்டுகளும் உண்டு. 1933-34ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சராசரி 86 மீட்டர் ஆழமுள்ளதாகையால் எளிதில் உறையாத ஒன்ராறியோ ஏரியே பிப்ரவரியில் ஏறக்குறைய முழுவதும் உறைந்தது. அக்குளிர் நியூயார்க்கிலும் நியூ இங்கிலாந்திலும் பால்ட்வின் என்னும் ஆப்பிள் சாதியை அநேகமாக நிர்மூலமாக்க, குளிர் தாங்கும் மக்கின்டாஷ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நயாகரா பிரதேசத்தில் பீச்சும் திராட்சையும் விளைவது, அந்த ஏரி கோடையின் உஷ்ணத்தைச் சேமித்துக் குளிர்காலத்தில் மெல்ல வெளியிடுவதாலும், வசந்தத்தில் தண்ணென்றிருந்து மரங்கள் அவசரப்பட்டு மலராதபடி தடுப்பதாலுமேயாம். பீச்சின் பூமொட்டு பூஜ்யத்திற்கு இருபத்தைந்து பாகை கீழே தாங்காது. ஐரோப்பியத் திராட்சையின் மொட்டு அதற்கும் முன்னரே மடியும். ஆதலால் அங்கே தோட்டங்களின் நடுவே நெடிய கம்பத்தின் உச்சியில் பெரிய விசிறிகளை நிறுத்தி, தெளிந்த இரவுகளில் தரையை விட்டு மேலேறி நிற்கும் வெப்பக்காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிவிடுகின்றனர்.

தெளிந்த இரவில் தரை தன் உஷ்ணத்தை வானத்திற்கு இழந்துவிட, கனத்த குளிர்காற்று நீர்போல் வழிந்து பள்ளங்களில் தேங்கும் இயல்பைத் தமிழ்நாட்டில் காண உதகமண்டலம் போன்ற மலையூர்களுக்கே செல்லவேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்குப் புல்வெளிப் பள்ளங்கள் விடியலில் வெண்மை பூண்டிருக்க, சற்று மேலே சோலைக்காடு பசுமையாகவே நிற்கும். நீலகிரியில் சோலையும் புல்வெளியும் கத்தரித்து வைத்தாற்போல் எல்லை பிரிந்து நிற்பதற்கு, திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளை உறைபனி கொன்றுவிடுவது ஒரு முக்கிய காரணம் என்று வன அதிகாரி ஸி. ஆர். ரங்கநாதன் 1938இல் எழுதினார். நெருப்பும் மேய்ச்சலும் காரணம் என்போரும் உளர். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்து இதே உறைபனியில் கருகிவிடும் ஆண்டுகளில், பறிக்கக் கொழுந்தில்லாமையால் வேலைநாள் குறைந்து முதலில் துன்புறுவோர் நம் தோட்டத் தொழிலாளரே என்பதை இங்குச் சொல்லாமல் விடலாகாது.

பிராணிகளுள் சில இக்கலையில் தாவரங்களுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. ஸ்காபரோவின் கிழக்கெல்லையில் உள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவைப் போன்ற ஒன்ராறியோக் காடுகளில் வாழும் வுட் பிராக் என்னும் காட்டுத்தவளை, குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகளின் அடியில் ஒடுங்கிக் கிடக்கையில், அதன் உடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடுகிறது. இருதயம் நின்றுவிடுகிறது, சுவாசம் நின்றுவிடுகிறது, தொட்டால் கல்லாக இருக்கிறது. தோலில் பனிக்கட்டி தோன்றிய சில நிமிஷங்களிலேயே ஈரல் தன் சேமிப்பைக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் பெருக்கிவிட, அச்சர்க்கரை உயிரணுக்களின் உள்ளே நிறைந்து அவை மிதமிஞ்சி வற்றாமல் காக்கிறது. ஒட்டாவாவின் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் பல்லாண்டு உழைத்து இதன் இரகசியங்களை வெளிப்படுத்தினர். அட்லாண்டிக் கரையோரத்து விண்டர் பிளவுண்டர் என்னும் தட்டைமீன், பனிக்கட்டித் துகள்களைப் பற்றிக்கொண்டு வளரவிடாது தடுக்கும் புரதத்தை இரத்தத்தில் கொண்டிருப்பதை நியூபவுண்ட்லாந்திலும் பின்னர் ரொறன்ரோவிலும் ஆராய்ந்தவர் சோய் ஹியூ. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மெரிலின் கிரிபித், குளிர்கால ரை என்னும் தானியப் பயிரின் இலையிலும் அத்தகைய புரதங்கள் இருப்பதைக் கண்டார்.

மனித சரீரத்திற்கு இவ்வித வரம் எதுவும் இல்லை. விரல் நுனியிலும் காதிலும் இரத்த ஓட்டம் சுருங்கி, திசுவில் பனிக்கட்டி உண்டாகி, உருகியபின் நாளங்களில் இரத்தம் கட்டி, அப்பகுதி அழுகிப்போவதே பனிக்கடி. ரொறன்ரோவின் அறுவை மருத்துவர் வில்பிரட் பிக்லோ, 1940களின் தொடக்கத்தில் பனிக்கடியால் விரல்கள் அழிந்த ஒருவருக்குச் சிகிச்சை செய்ததிலிருந்து குளிரின் தன்மையில் சிந்தை செலுத்தினார். உடலைக் குளிர்வித்தால் திசுக்களின் பிராணவாயுத் தேவை குறையுமெனில், இருதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி அறுவைசிகிச்சை செய்யலாமே என்று எண்ணி, நாய்களின் உடலை 20 பாகையளவில் குளிர்வித்து இருதயத்தைத் திறந்து மூடிக் காட்டி, 1950இல் வெளியிட்டார். 1952இல் மினசோட்டாவில் இம்முறையில் ஒரு சிறுமியின் இருதயம் செப்பனிடப்பட்டது. கேடு செய்யும் குளிரையே கருவியாக்கிக்கொண்ட அம்மேதையின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று. காற்றோடு கூடிய குளிரின் அளவு பூஜ்யத்திற்கு 28 கீழே சென்றால், மூடாத தோலில் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் பனிக்கடி உண்டாகலாம். உறைந்த விரலைத் தேய்க்கலாகாது. மருத்துவ உதவி கிட்டும் வரை மறுபடி உறையாதபடி காத்து, 37 முதல் 39 பாகை வெந்நீரில் அமிழ்த்துவதே முறை.

எஞ்சியது கறிவேப்பிலை. ரொறன்ரோவில் அதைத் தொட்டியில் வளர்க்காத தமிழ்க் குடும்பங்கள் சிலவே. அதற்கு ஆகஸ்டில் பகல் குறுகுவதை உணர்ந்து ஆயத்தமாகும் வித்தை தெரியாது. அதன் முன்னோர்க்கு அது வேண்டியிருக்கவில்லை. தரையில் வளரும் மரத்தின் வேரைப் பூமியின் சேமித்த உஷ்ணமும் மேலே படர்ந்த வெண்பனியும் காக்கின்றன. ஆப்பிள் மரமேயாயினும் அதன் வேர் கிளையைப்போல் கடுங்குளிர் தாங்காது. தொட்டியின் வேருக்கோ நான்கு புறமும் காற்றுத்தான். விக்டோரியா தினமும் கடந்து, மே மாதக் கடைசி வாரத்துக்குப் பின்னரே அச்செடியை வெளியே வைக்கவேண்டும்; முதல் வாரம் நிழலில் வைத்துப் பிறகே வெயிலுக்கு மாற்றவேண்டும். செப்டம்பரில் இரவு 10 பாகையை நெருங்குமுன் உள்ளே எடுத்துவிடவேண்டும். உறைபனி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர் குளிர்க் கேடும் உறைவுக் கேடும் வேறென்பதை மறந்தவராவர். உள்ளே வந்தபின் சில இலைகள் உதிர்வது கண்டு கலங்கி நீரைப் பெருக ஊற்றாதீர்கள். ஜன்னலோரத்துக் குளிர்ந்த மண்ணில் வேர் அந்நீரைக் குடியாது, அழுகவே செய்யும். ஜனவரியில் வாழைக்காயும் கத்தரிக்காயும் வெற்றிலையும் வாங்கினால் அவற்றைக் காரில் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். மாங்காய் பழுக்கும்வரை குளிர்பதனப் பெட்டியின் கதவை அதற்குத் திறக்காதீர்கள்.